அடுத்த வீட்டு ஈயம்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1776 ஜூலை 9. நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் படைவீரர்கள் முன்னிலையில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்படுகிறது. கேட்டவர்களுக்குச் சூடு ஏறிவிட்டது. அன்றைக்கே ஒரு கூட்டம் பௌலிங் கிரீன் என்ற திடலுக்குப் போய், அங்கே குதிரைமேல் வீற்றிருந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளியது. சிலை வைத்து ஆறே ஆண்டுதான் ஆகியிருந்தது. மேலே பொன்முலாம், உள்ளே காரீயம். அந்த ஈயத்தில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் லிட்ச்ஃபீல்டு என்ற ஊருக்கு, ஆலிவர் உல்காட் என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுப் பெண்பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் அதை உருக்கி அச்சில் ஊற்றித் துப்பாக்கிக் குண்டுகளாக வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்று உல்காட் எழுதிவைத்த கணக்கும் நமக்குக் கிடைத்திருக்கிறது. மகள் மேரி ஆன் 10,790. இன்னொரு மகள் லாரா 8,378. பையன் பிரெடரிக் 936. பையன் எவ்வளவு நேரம் உலைப்பக்கம் இருந்தான், எவ்வளவு நேரம் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தான் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் 42,088 குண்டுகள். மன்னர் சிலை மன்னர் படை மீதே போய் விழுந்தது.

உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. துப்பாக்கி சுடுவதைப் பற்றிப் பேச வந்தவர் ஈயத்தைப் பற்றி ஏன் பேசுகிறார்? நான் உலோகவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். துப்பாக்கிமீது எனக்குப் பெரிய காதல் எதுவும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் கைத்துப்பாக்கி சுடுகிறவர்களில் ஒரு சாரார், தங்கள் குண்டைத் தாங்களே உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய உலைச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தால், கடந்த நூறு ஆண்டுகளில் எந்தெந்தத் தொழில் செழித்தது, எது செத்தது என்பது தெரியும். ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கு ஒருநாளும் சொந்த ஈயத்தில் வாழ்ந்ததில்லை. எப்போதும் அடுத்த வீட்டு ஈயம்தான்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் பத்திரிகைகளில் தோட்டா என்றும் குண்டு என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இங்கே நான் தோட்டா என்று சொல்வது முழுப்பொருளை. அதற்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி பறக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, தலையில் குண்டு. சுட்டபிறகு பறந்து போவது குண்டு மட்டும். பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். அதைப் பொறுக்கி, பழைய வடிவத்துக்கு நெருக்கி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, புதுக்குண்டு பொருத்திக்கொள்ளலாம். தோட்டாவிலேயே விலை கூடிய உறுப்பு இந்தக் கூடுதான். அதைப் பல தடவை திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால்தான் இந்தக் கைத்தொழிலே பிறந்தது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்ள உரிமம் வேண்டாம். விற்பதற்குச் செய்தால் வேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கோடு அது.

குண்டு எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு. அந்த நாட்டில் மிகப் பரவலான பழைய ரிவால்வர் தோட்டா .38 ஸ்பெஷல். அதன் வழக்கமான குண்டின் எடை 158 கிரெயின், அதாவது பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோ ஈயம் வாங்கினால் தொண்ணூற்றேழு குண்டு தேறும். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போகிற ஒருவர் ஒரு கிலோவைச் சுட்டுத் தீர்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவார். ஆகவே ஈயம் வேண்டும். நிறைய வேண்டும். விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது.

எங்கிருந்து எடுத்தார்கள்? இங்கேதான் அச்சகம் வருகிறது.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய கடிகாரத் தொழிலாளி ஓட்மார் மெர்கென்தாலர் செய்த லைனோடைப் இயந்திரம் 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கியது. முன்னால் உட்கார்ந்து விசைகளைத் தட்டினால், ஒரு முழு வரியையும் உருகிய உலோகத்தில் வார்த்து வெளியே தள்ளும். அந்த உலோகம் வெறும் காரீயம் அல்ல. 84 விழுக்காடு காரீயம், 12 விழுக்காடு ஆன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம். மூன்றும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ஒரு விசேஷம். காரீயம் தனியாக 327 பாகை செல்சியஸில் உருகும், ஆன்டிமனி தனியாக 630 பாகையில் உருகும். ஆனால் இந்த விகிதத்தில் கலந்தால் ஏறக்குறைய 245 பாகையிலேயே உருகிவிடும். ஆறும்போது கண்மூடித் திறப்பதற்குள் உறைந்துவிடும். வரிவரியாக எழுத்து வார்க்கிற இயந்திரத்துக்கு அதுதானே வேண்டும்.

ஆன்டிமனி இன்னொரு வேலையும் செய்கிறது. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும். ஆன்டிமனி சற்றே விரியும். அதனால் கலவையின் சுருக்கம் குறைகிறது, எழுத்தின் ஓரம் மழுங்காமல் நிற்கிறது. நம் ஊர் அச்சகங்களில் அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார்களே, அந்த எழுத்துக்களிலும் இதே மூன்று உலோகங்கள்தான். விகிதம் மட்டும் வேறு. இந்த அவையில் அச்சுக்கோத்த கைகள் இரண்டொன்றாவது இருக்கும் என்று நம்புகிறேன். எழுத்து கூர்மையாக வர என்ன வேண்டுமோ, அதேதான் குண்டு கூர்மையாக வரவும் வேண்டும். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் போய் நிரம்ப வேண்டும், ஆறியபின் வடிவம் மாறக்கூடாது, ஓரளவு கடினமாக இருக்க வேண்டும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகத்தின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து ஓட்டம் கூடும். ஆன்டிமனி கடினத்தைத் தரும். பிரினெல் என்ற கடின அளவையில் சுத்தக் காரீயத்துக்கு ஐந்து என்றால், லைனோடைப் உலோகத்துக்கு இருபத்திரண்டு.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இப்படி உருக்கி வார்த்த எழுத்தில் கடைசியாக அச்சானது 1978 ஜூலை 2 தேதியிட்ட இதழ். மற்ற பத்திரிகைகளும் முன்னும் பின்னுமாகக் கணினிக்கு மாறின. அச்சகங்களில் டன் கணக்கில் உலோகம் மிஞ்சியது. குண்டு வார்ப்பவர்களுக்கு அது பொற்காலம். தலையங்கமும் திருமண அறிவிப்பும் ஏறிய உலோகம், மைதானத்தில் காகித வட்டத்தைத் துளைத்தது. இதில் காவியச் சோகம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஈயத்துக்கு ஞாபகம் கிடையாது.

அச்சக ஈயம் தீரத் தீர, அடுத்த வீடு கிடைத்தது: டயர் கடை. கார்ச் சக்கரம் ஆடாமல் சுழல, விளிம்பில் சின்னச் சின்ன எடைத்துண்டுகளைக் கவ்விவைப்பார்களே, அவை. அமெரிக்காவில் அவை காரீயத்தோடு சுமார் மூன்று விழுக்காடு ஆன்டிமனி கலந்து செய்யப்பட்டவை. பழைய டயரைக் கழற்றும்போது கழற்றியெறிந்த எடைகள் வாளி வாளியாகச் சேரும். தெரிந்த கடைக்காரராக இருந்தால் சும்மாவே கொடுத்தார். தெரியாதவர் ஏதோ ஒரு விலை சொன்னார். அதோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் ரிவால்வருக்கு அருமையான கலவை. ஒரு தலைமுறையே இதில் ஓடியது.

பிறகு சாலையோரத்தில் கழன்று விழும் ஈயம் மழைநீரில் கரைகிறது என்ற கவலை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-இலும் கலிபோர்னியாவில் 2010-இலும் ஈய எடைகளுக்குத் தடை. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இப்போது எடைகள் இரும்பில் வருகின்றன, துத்தநாகத்தில் வருகின்றன. இரும்பால் தொல்லையில்லை. ஈயத்தில் மிதக்கும், அள்ளிப்போட்டுவிடலாம். துத்தநாகம்தான் வில்லன். 419 பாகையில் உருகும். சட்டியின் சூட்டை அதற்குக் கீழே வைத்திருந்தால் அதுவும் மிதக்கும். கவனம் பிசகிச் சூடு ஏறிவிட்டால் ஈயத்தோடு கலந்து, சட்டி முழுவதும் கூழாகத் திரிந்துவிடும். அச்சில் ஊற்றினால் போய் நிரம்பாது. அதனால் இந்த ஆட்கள் வாளியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகக் குறட்டால் கவ்விப் பார்க்கிறார்கள். பல் பதிந்தால் ஈயம், வழுக்கினால் துத்தநாகம். கல் பொறுக்கின அரிசிதான் சோறாகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய கார் மின்கலத்தில் கிலோ கிலோவாக ஈயம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைத் தொடவே கூடாது. அமிலம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தகடுகளில் உள்ள கால்சியமும் ஆர்செனிக்கும் உலையில் சேர்ந்து, பிற்பாடு ஈரம் பட்டால் ஆர்சைன் போன்ற கொடிய வாயு கிளம்பக்கூடும். பழகியவர்கள் அனைவரும் ஒருமித்து விலக்கிவைத்த ஒரே ஈயம் அதுதான்.

சரி, வார்ப்பதைப் பார்ப்போம். வீட்டுக்குள் அல்ல. கார் நிறுத்தும் கொட்டகையில், கதவைத் திறந்துவைத்து. மின்சார உலைச்சட்டியில் ஈயம் 370-லிருந்து 400 பாகைக்குள் நிற்கிறது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படியும். அது முழுவதும் கசடு அல்ல; காற்றில் ஆக்சைடாகிப்போன வெள்ளீயமும் அதில் இருக்கிறது. அள்ளி எறிந்தால் நஷ்டம். ஒரு துண்டு மெழுகையோ ஒரு பிடி மரத்தூளையோ போட்டுக் கிளறினால், கரி அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு உலோகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நம் கன்னான்கள் காலங்காலமாகச் செய்துவரும் ரசாயனம்தான் இது.

அச்சு என்பது கையடக்கமான இரண்டு உலோகக் கட்டிகள், கைப்பிடியோடு. மூடினால் உள்ளே குண்டின் வடிவம். மேலே துளையிட்ட ஒரு தகடு. துளைவழியாக ஊற்றி, மேலே ஒரு சிறு குட்டை தேங்கவிட்டு, அந்தக் குட்டை பளபளப்பிலிருந்து மங்கலாகும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மங்கியதும் மரக்கட்டையால் தகட்டை ஒரு தட்டு. மிச்ச ஈயம் வெட்டுப்பட்டு விழும். அச்சைத் திறந்தால் குண்டு மடித்த துணிமேல் உருளும். முதலில் வருகிற ஏழெட்டுக் குண்டுகளில் தோல் சுருங்கியிருக்கும், அச்சு இன்னும் சூடாகவில்லை என்று பொருள். அவற்றைத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிடுவார்கள். சூடு அளவுமீறினால் குண்டின் மேல் பனி படிந்ததுபோல ஒரு மங்கல் வரும். அழகுதான் குறையும், வேறு கேடில்லை. மூக்கில் ஒரு கீறல் இருந்தாலும் பெரிதாகக் குறி தவறாது. ஆனால் அடிப்பாகத்தின் விளிம்பு முழு வட்டமாக இருக்க வேண்டும். குழாயை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அந்த விளிம்பு; பின்னாலிருந்து தள்ளும் வாயு ஒரு பக்கமாகக் கசிந்தால் குண்டு சாய்ந்துவிடும். கைதேர்ந்தவர்கள் குண்டைத் தலைகீழாகப் பிடித்து அடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கூடுதல் கடினம் வேண்டுமென்றால், அச்சிலிருந்து விழும் சூடான குண்டை நேரே தண்ணீர் வாளியில் விடுவார்கள். கலவையில் ஆன்டிமனியும் துளி ஆர்செனிக்கும் இருந்தால் அது சில நாட்களில் நன்றாக இறுகும். ஆனால் அந்த வாளி சட்டியிலிருந்து எட்டித்தான் நிற்க வேண்டும். ஈயத்துக்குள் தண்ணீர் ஒரு சொட்டு போனால், அது கணத்தில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியில் உள்ளதெல்லாம் கூரைக்குப் போகும். அமெரிக்கர்கள் இதை ‘ஜிகினா தேவதை வந்து போனாள்’ என்ற பொருளில் ஒரு வேடிக்கைப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். வேடிக்கை கண்ணாடியும் கையுறையும் போட்டிருந்தவர்களுக்கு மட்டும்.

கடினம் கூடினால் நல்ல குண்டு என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. குண்டு துப்பாக்கிக் குழாயின் உட்புறம் சுழல வெட்டிய உள்வரிகளில் கச்சிதமாகப் பொருந்தி வாயுவை அடைக்க வேண்டும். குழாயின் அளவு 0.357 அங்குலமென்றால் குண்டு 0.358 இருக்க வேண்டும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு இல்லாவிட்டால், எவ்வளவு கடினமாக இருந்தாலும் பக்கவாட்டில் கசியும் வாயு ஈயத்தை அரித்துக் குழாயில் பூசிவிடும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதைத் தடுக்கத்தான் மசகு. குண்டைச் சுற்றிலும் உள்ள பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த பசை. இந்த மசகு விவகாரம் நமக்குப் புதிதல்ல. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டாக்களில் பூசியிருந்தது பசுக்கொழுப்பா பன்றிக்கொழுப்பா என்பதில்தானே சிப்பாய்க் கிளர்ச்சியின் பொறி பற்றியது. அந்தக் குண்டு மென்மையான காரீயம். சுடும்போது அகன்று உள்வரிகளைப் பிடிக்கும்படி செய்தது. அதனால்தான் மசகு இன்றியமையாததாயிற்று. சிப்பாய்கள் விரும்பிய மசகை அவர்களே பூசிக்கொள்ளலாம் என்று கிழக்கிந்தியக் கும்பினி சொன்னபோது காலம் கடந்திருந்தது. இன்று பல அமெரிக்கர்கள் மெழுகையும் விட்டுவிட்டார்கள். இரும்பு நாற்காலிக்குப் பூசுகிற பவுடர் பெயின்டைக் குண்டில் குலுக்கி, அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். சிவப்பும் நீலமுமாக மிட்டாய் போலிருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் அதுவே எனக்குக் கவலை.

இந்தக் கலையில் ஒரு பெயரை விடமுடியாது: எல்மர் கீத். 1899-இல் பிறந்தவர், ஐடஹோ மாநிலத்துக் குதிரைக்காரர், எப்போதும் பெரிய தொப்பி, வாயில் சுருட்டு. 1920-களின் கடைசியில் .44 ரிவால்வருக்கு ஒரு குண்டை வடிவமைத்தார். தட்டையான அகன்ற மூக்கு, அதற்குப் பின்னால் குழாயை நிறைக்கும் பட்டை, ஆழமான மசகுப் பள்ளம். அந்த அச்சு இன்றுவரை விற்கிறது. பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது அவர் கணக்கு. அவர் விடாமல் நச்சரித்ததில் 1955-இல் பிறந்ததுதான் .44 மேக்னம். 1971-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் அதைத் தூக்கிக்காட்ட, உலகமே அறிந்தது. படத்தைப் பார்த்து அந்த ரிவால்வரை வாங்கியவர்களில் பலர், அதன் உதைப்பைத் தாங்கமுடியாமல் விற்றார்கள் என்று சொல்வார்கள். எனக்கு நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது.

உண்மையில் பொழுதுபோக்குச் சுடுதலுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. காகிதக் குறிக்கு வார்க்கும் ஒரு குண்டு உண்டு. மூக்கே கிடையாது, தட்டையான உருளை. நாதஸ்வரக்காரர் சீவாளி நறுக்குவதைப்போல, காகிதத்தில் விளிம்பு பிசிறாத வட்டத் துளை போடும். நடுவருக்குப் புள்ளி எண்ண வசதி. மெதுவாகப் போகும், கையை உதைக்காது. 1980-களின் முற்பகுதியில் தொடங்கிய கௌபாய் பாணிப் போட்டிகளில் இன்னும் வேடிக்கை. ஒவ்வொருவரும் பழைய மேற்கத்திய உடுப்பு உடுத்தி, ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டு, எஃகுத் தகட்டைச் சுடுவார்கள். அங்கே ஈயக் குண்டு மட்டும்தான் செல்லும். ஈயத்தின்மேல் செம்புறை போட்ட குண்டுக்கு அனுமதியில்லை. எஃகில் மோதினால் மென்மையான ஈயம் அப்படியே அப்பளமாகிக் கீழே விழும், செம்புறையோ திரும்பித் தெறிக்கும்.

இனி நஞ்சு. மறைத்துப் பேசமாட்டேன். 400 பாகையில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு, அது கொதிப்பதே 1,700 பாகைக்கு மேல். ஆபத்து ஆவியில் இல்லை, தூசியில் இருக்கிறது. அள்ளிப்போட்ட ஆக்சைடுப் பொடி, கையில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது, அந்தச் சட்டையோடு பேரனைத் தூக்கிக்கொண்டது. மூடிய மைதானங்களில் சுடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: பிரைமரில் உள்ள ஈய ஸ்டிஃப்னேட் எரிந்து முகத்துக்கு நேரே புகையாக வருகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்தது. பொழுதுபோக்குக்காரர்களில் ஒழுங்கானவர்கள் ஆண்டுதோறும் ரத்தம் சோதித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் ‘எங்கப்பா எண்பது வயது வரை வார்த்தார்’ என்கிறார்கள். இந்த வாதத்தைப் புகையிலை விஷயத்தில் நம் ஊரிலும் கேட்டிருக்கிறேன்.

கலிபோர்னியாவில் கான்டர் என்னும் மாபெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-இல் இருபத்திரண்டே மிஞ்சியது. வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடலில் சிதறிய ஈயத்துணுக்குகளைத் தின்றுதான் அவை அதிகம் சாகின்றன என்பது ஐயமற நிறுவப்பட்டபின், 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. குறிவைத்துச் சுடும் விளையாட்டுக்கு அந்தத் தடை இல்லை. அந்த வேறுபாடு நியாயமென்றே நினைக்கிறேன். மைதானத்தில் விழும் ஈயம் ஒரே மண்மேட்டில் சேருகிறது. சேர்ந்ததை எடுக்கவும் முடியும்.

எடுக்கிறார்கள். அச்சகம் போயிற்று, டயர் கடையும் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அவர்கள் தோண்டுவது அந்த மண்மேட்டைத்தான். உரிமையாளரிடம் கேட்டு, சல்லடையில் சலித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து உருக்குகிறார்கள். செம்புறைகள் மேலே மிதந்து வரும், அள்ளிவிடலாம். அடியில் நிற்பது பெரும்பாலும் மென்மையான ஈயம்; கடினம் போதாது. அதற்காகப் பழைய லைனோடைப் வரிகளை வியாபாரிகளிடம் பவுண்டுக் கணக்கில், ஊறுகாய் மாதிரி கொஞ்சமாக வாங்கிக் கலக்கிறார்கள். ஆனால் பிரைமரை வீட்டில் செய்துகொள்பவர்கள் அரிது. 2020-இல் தொற்றுக்காலத்துத் தட்டுப்பாடு வந்தபோது, கொட்டகை நிறையக் குண்டு வார்த்துவைத்திருந்தவர்கள் பிரைமர் இல்லாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி நேரத்துக்கு வருவோம். முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று தெரியும், அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இதைச் செய்யலாமா? கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட அந்தச் சட்டத்தில் ‘தோட்டா’ என்பதன் வரையறைக்குள்ளேயே வருகின்றன. சுடும் ஆசை இருப்பவர்கள் ரைபிள் கிளப்பில் சேரலாம். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது, குறிபார்க்க வந்தவர்களைவிட அவரைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். இருந்தாலும் அதற்குப் பிறகாவது அப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரிந்தது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலிலிருந்து தொடங்குங்கள். அதன் ரவையும் ஈயம்தான். சுட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அடுத்த கேள்வி?